இரக்கம் நிவாரணமல்ல



"இறைவன் இரக்கமுள்ளவர்" என்ற வார்த்தையை எமது மக்கள் ஆலயத்தில் மட்டும் கேட்கவில்லை, முகாமிலும் கேட்டிருக்கிறார்கள். உலர் உணவுக்காகக் குடும்ப அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்றபோதும், கூடாரத்துக்குள் மழைநீர் ஒழுகியபோதும் யாரோ ஒருவர் வந்து அதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சொன்னவரின் மனம் நல்ல மனமாகவே இருந்திருக்கும். ஆனால் விளைந்து நின்ற வேளாண்மையைப் படுவான்கரையில் வெட்டாமல் விட்டுவிட்டு, பிள்ளைகளுடன் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்த விவசாயியின் காதில் அந்த வார்த்தை எப்படி விழுந்திருக்கும் என்று நாம் எண்ணிப் பார்ப்பது குறைவு.

அவருக்கு மூன்று கேள்விகள் உண்டு. இறைவன் இரக்கமுள்ளவர் என்றால் எனக்கு ஏன் இந்தத் தண்டனை? இரக்கம் என்பது இந்த மாவும் பருப்பும்தானா? எனக்குச் செய்யப்பட்டதை எல்லாம் மறந்துவிடத்தான் இரக்கத்தைப் பற்றிச் சொல்கிறீர்களா?

இம்மூன்றும் நியாயமான கேள்விகள். இவற்றைக் கேட்பது விசுவாசக் குறைவு அல்ல. இதனை வாசிப்போர் எல்லோரும் கிறிஸ்தவர்கள் அல்லர் என்பதும் எமக்குத் தெரியும். படுவான்கரையில் பெரும்பாலோர் சைவர்கள். ஆயினும் திருச்சபை உங்கள் மத்தியில் இரக்கத்தைப் பற்றிப் பேசுகிறபடியால், அந்தச் சொல்லால் எதைக் கருதுகிறது என்பதை உங்களுக்கு விளக்கும் கடமை அதற்கு உண்டு.

தண்டனை என்ற பேச்சு

1978 நவம்பர் 23இல் சூறாவளி வந்தது. 1990இல் ஊர்கள் கலைந்தன. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. 2006இன் இறுதியில் வாகரையிலிருந்தும், 2007 மார்ச்சில் படுவான்கரையிலிருந்தும் மக்கள் மீண்டும் மூட்டை கட்டினார்கள். அந்த நாட்களில் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமானோர் இடம்பெயர்ந்திருந்தனர். ஒரே ஆயுளில் இத்தனையையும் கண்ட முதியவர்கள் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் "இது பாவத்துக்குக் கிடைத்த தண்டனை" என்று சொல்வதற்கு ஒருவர் இருந்தார். கிறிஸ்தவப் போதகர்களிலும் அப்படிச் சொன்னவர்கள் உண்டு.

இயேசுவிடமும் இதே கேள்வியைக் கொண்டு வந்தார்கள். பிலாத்து கலிலேயரைக் கொன்ற செய்தியை அவரிடம் சொன்னார்கள். அவரோ, சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரையும் சேர்த்து நினைவூட்டினார். கொல்லப்பட்டவர்கள் மற்றவர்களை விடக் கூடிய பாவிகள் அல்லர் என்று தெளிவாக மறுத்தார் (லூக்கா 13:1-5). எல்லோரும் மனம் திரும்ப வேண்டும் என்றார். இறந்தவரின் தலையில் பழியைப் போடவில்லை. பிறவியிலேயே பார்வையற்றவனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோதும், அவனுமல்ல, அவனைப் பெற்றவர்களுமல்ல என்றார் (யோவான் 9:1-3).

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைக்கு வந்திருந்த சிறுவர்கள். அச்சிறுவர் என்ன பாவம் செய்தார்கள்? இக்கேள்விக்கு முன் தண்டனை என்ற பேச்சு நிற்காது. வயலை இழந்தவரும் கடவுளால் தண்டிக்கப்பட்டவர் அல்லர். அவருக்கு நேர்ந்தது மனிதர் செய்த அநீதி, அல்லது இயற்கையின் சீற்றம். இதை முதலில் தெளிவாகச் சொல்லாமல் இரக்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்கக் கூடாது.

நிவாரணமும் இரக்கமும்

இரண்டாவது கேள்விக்கு வருவோம். விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் இரக்கத்தைக் குறிக்கும் எபிரேயச் சொற்களில் ஒன்று, கருப்பையைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. "பெற்ற வயிறு" என்று நாம் சொல்வதற்கு இது மிகவும் கிட்டியது. பெற்றவள் பிள்ளைக்குச் சோறு போடுவாள். ஆனால் சோற்றோடு அவள் கடமை முடிந்துவிடாது. பிள்ளை தன் காலில் நிற்கும் வரை அவளுக்கு நித்திரை வராது.

நிவாரணம் அப்படியல்ல. அது தலைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கப்படுவது. அதற்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. பசித்தவனுக்கு அது வேண்டும். அதைக் குறைத்துப் பேச இங்கு எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அதையே இரக்கம் என்று அழைக்கும்போது, வாங்குகிறவன் என்றைக்கும் வாங்குகிறவனாகவே இருந்துவிடுகிறான். மரைக்கால் கணக்கில் நெல் அளந்து கொடுத்த கை, கோப்பைக் கணக்கில் அரிசி வாங்கும் கையாக மாறிய வேதனையை இதனை வாசிக்கும் பலர் அறிவீர்கள்.

விவிலியம் காட்டும் இரக்கம் நிலத்தோடு சம்பந்தப்பட்டது. லேவியர் புத்தகத்தின் 25ஆம் அதிகாரத்தில் ஐம்பதாம் ஆண்டு யூபிலி ஆண்டாகக் குறிக்கப்படுகிறது. வறுமையால் நிலத்தை விற்றவனும் அவன் குடும்பமும் அந்த ஆண்டில் தம் பரம்பரைக் காணிக்குத் திரும்ப வேண்டும். அதற்குச் சொல்லப்படும் காரணம் கவனிக்கத்தக்கது: நிலம் கடவுளுடையது, மனிதர் அதில் தங்கியிருப்போரே. ஆகவே எவரும் எவரையும் என்றென்றைக்குமாக அவருடைய காணியிலிருந்து விலக்கிவிட முடியாது. அறுவடையின்போது வயலின் ஓரங்களை முற்றாக வெட்டக் கூடாது, சிந்திய கதிரைப் பொறுக்கக் கூடாது, அது ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியது என்று அதே நூலின் 19ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. இங்கு இரக்கம் கொடுப்பவனின் மன நிலையைப் பொறுத்ததாக விடப்படவில்லை. அது சட்டமாக எழுதப்பட்டது. பெறுபவனுக்கு அது உரிமையாயிற்று.

ஆகவே எரிந்துபோன உறுதிக்குப் பதிலாகப் பிரதி கேட்டுப் பிரதேச செயலகத்தின் வாசலில் நிற்பவர், இரக்கத்தைப் பிச்சையாகக் கேட்பவர் அல்லர். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரைக்காக 2023 செப்டெம்பரிலிருந்து வீதியோரத்தில் அமர்ந்து போராடிய பண்ணையாளர்களும் அப்படியே. அவர்கள் கேட்டது யூபிலி ஆண்டின் நியாயம்.

கணக்குப் பார்த்த அரசன்

மூன்றாவது கேள்வியே மிகவும் கடினமானது. இரக்கம் என்றால் மறதியா?

இயேசு சொன்ன ஓர் உவமையை எடுத்துக்கொள்வோம் (மத்தேயு 18:23-35). ஓர் அரசன் தன் பணியாளரிடம் கணக்குக் கேட்கிறான். ஒருவன் பத்தாயிரம் தாலந்து கடன்பட்டிருந்தான். ஒரு தாலந்து ஏறத்தாழ ஆறாயிரம் தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு கூலியாளின் ஒரு நாட் கூலி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆறு கோடி நாட் கூலி. ஒரு நாளும் ஓய்வெடுக்காமல் உழைத்தாலும் ஒரு இலட்சத்து அறுபதினாயிரம் ஆண்டுகளுக்கு மேல் செல்லும். அவன் காலில் விழுகிறான். அரசன் மனமிரங்கி முழுவதையும் தள்ளிவிடுகிறான். வெளியே வந்தவன், தனக்கு நூறு தெனாரியம் தர வேண்டிய சக பணியாளனைக் காண்கிறான். கழுத்தைப் பிடித்து நெரித்து, அவனைச் சிறையில் அடைக்கிறான். அரசன் அதை அறிந்து, தான் காட்டிய இரக்கத்தை அவன் மற்றவனுக்குக் காட்டாததால் அவனைத் தண்டனைக்கு ஒப்புக்கொடுக்கிறான்.

இந்த உவமையில் இரண்டு விடயங்களை நாம் கவனியாமல் கடந்துவிடுகிறோம்.

முதலாவது, அரசன் முதலில் கணக்குப் பார்த்தான். எவ்வளவு கடன், யார் பட்ட கடன் என்பது வெளிச்சத்துக்கு வந்தது. அதன் பின்பே தள்ளுபடி. ஏட்டைத் திறக்காமலே எரித்துவிடுவதற்குப் பெயர் மன்னிப்பல்ல, அது மூடிமறைப்பு. இரண்டாவது, நூறு தெனாரியம் சிறிய தொகையல்ல. அது நூறு நாட் கூலி. ஒரு போகம் முழுவதும் உழைத்த உழைப்பு. "உனக்கு நடந்தது ஒன்றுமில்லை, விட்டுவிடு" என்று இயேசு சொல்லவில்லை. நடந்தது பெரிது என்பதை ஏற்றுக்கொண்டே மன்னிப்பைப் பற்றிப் பேசுகிறார்.

1990 செப்டெம்பர் 5இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த அகதிகளில் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பவில்லை. நான்கு நாட்களின் பின் சத்துருக்கொண்டானில் குழந்தைகளும் பெண்களும் உட்படப் பெருந்தொகையானோர் கொல்லப்பட்டார்கள். அதற்குச் சில கிழமைகள் முன்பு, ஆகஸ்ட் 15இல், இளைஞர்களுக்குத் தொழில் கற்பித்து வந்த அமெரிக்க இயேசு சபைத் துறவி யூஜின் ஹெபேர்ட் அடிகளார் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், உடன் வந்த தமிழ் இளைஞருடன் காணாமற் போனார். காணாமற் போனோர் பட்டியலில் திருச்சபைக்கும் ஆட்கள் உண்டு.

பிள்ளையின் படத்தைக் கையில் ஏந்தி, "எங்கே?" என்று கேட்டு நிற்கும் தாய்மாரிடம், "மன்னிக்கப் பழகுங்கள்" என்று உபதேசிக்கும் துணிவு எமக்கு வரக் கூடாது. அவர்கள் இரக்கத்துக்கு விரோதமாக எதையும் செய்யவில்லை. இரக்கத்தின் முதற்படியாகிய கணக்கையே கேட்கிறார்கள். யாரை மன்னிப்பது, எதை மன்னிப்பது என்று தெரியாமல் மன்னிப்பது எப்படி?

2020 உயிர்ப்பு ஞாயிறில் கொழும்புப் பேராயர் மல்கம் ரஞ்சித் ஆண்டகை, முந்திய ஆண்டின் குண்டுதாரிகளை மன்னித்துவிட்டதாகக் கூறினார். அதன் பின்னரும், அத்தாக்குதலின் பின்னணியை முழுமையாக விசாரிக்க வேண்டும் என்று அவர் கேட்டு வந்தார். மன்னிப்பும் விசாரணையும் ஒன்றையொன்று மறுப்பவையல்ல என்பதைத் திருச்சபை தன் இழப்பில் கண்டுகொண்டது. அதே உரிமையை வந்தாறுமூலையின் தாய்க்கும் அது வழங்க வேண்டும்.

கழுத்தைப் பிடித்த கை

உவமையில் வருவது உண்மையான பணக் கடன். மத்தேயு நற்செய்தியில் இயேசு கற்பித்த செபத்தில், நாம் "பாவங்கள்" என்று செபிக்கும் இடத்தில், புரட்டஸ்தாந்து சபையினரின் பழைய தமிழ் வேதாகமம் "கடன்கள்" என்றே மொழிபெயர்த்திருக்கிறது. கிரேக்க மூலத்தில் உள்ளதும் அச்சொல்லே. கடன்பட்ட விவசாயிகள் மத்தியில் சொல்லப்பட்ட செபம் அது.

எமது பகுதியிலும் போர் ஓய்ந்த கையோடு கடன் வந்தது. திரும்பி வந்த குடும்பங்களிடம் மாடில்லை, விதைநெல்லில்லை, உழவு இயந்திரமில்லை. வீட்டு வாசலுக்கே வந்து, பிணை கேட்காமல், குழுவாகச் சேர்த்து, கிழமைக் கட்டணத்தில் பணம் கொடுத்தார்கள். வாங்கியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கணவனை இழந்தவர்கள் பலர். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க நகை அடகு என்று அது வளர்ந்தது. 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, இந்த நுண்கடன்களுக்கு ஆண்டுக்கு 40 முதல் 220 வீதம் வரை வட்டி அறவிடப்பட்டதைச் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டில் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில், பெண்கள் பெற்று மூன்று மாதங்களுக்கு மேலாகச் செலுத்த முடியாதிருந்த, ஒரு இலட்சம் ரூபாய் வரையிலான நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்தது. அதற்கு நன்றி சொல்லலாம். ஆனால் பிரச்சினை அதோடு தீரவில்லை. 2021 மார்ச்சில் ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் இதே கடனுக்கு எதிராகப் பல கிழமைகள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். மொழி வேறாயினும் கழுத்தைப் பிடித்த கை ஒன்றே.

2022 ஏப்ரலில் இலங்கை அரசு தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவித்தது. 2024 டிசம்பரில் ஏறத்தாழ 1,250 கோடி டொலர் பெறுமதியான சர்வதேசப் பிணைமுறிகள் மாற்றியமைக்கப்பட்டு, கடனின் ஒரு பகுதி குறைக்கப்பட்டது. நாடு காலில் விழுந்தது. நாட்டுக்குத் தவணையும் தள்ளுபடியும் கிடைத்தன. ஆனால் 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகளின் முறிகள் தவிர்க்கப்பட்டன. உழைப்பாளரின் ஊழியர் சேமலாப நிதியம் அகப்பட்டது. பெரிய கடனில் இரக்கம் பெற்றவன் சிறியவனிடம் எப்படி நடக்கிறான் என்பதை அறிய நாம் கலிலேயாவுக்குப் போக வேண்டியதில்லை.

எங்கள் கையிலுள்ள நூறு தெனாரியம்

இதுவரை சொன்னவற்றுக்கு வாசகர்கள் தலையசைத்திருப்பீர்கள். இனிச் சொல்வது சற்றுக் கசக்கும்.

அந்த உவமை அரசர்களுக்குச் சொல்லப்பட்டதல்ல. எத்தனை முறை மன்னிக்க வேண்டும் என்று கேட்ட பேதுருவுக்கு, ஒரு மீனவனுக்கு, சொல்லப்பட்டது. அடிபட்டவனின் கையிலும் இன்னொருவனின் கழுத்து அகப்படலாம் என்பதே அதன் எச்சரிக்கை.

2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் வெள்ளம் வட்டைகளை மூடியது. பயிர் அழிந்த குத்தகைக்காரனிடம் முழுக் குத்தகை நெல்லையும் கேட்ட நிலச் சொந்தக்காரர் எங்கள் கிராமங்களில் இருக்கவில்லையா? முகாமில் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவள் சீட்டுக் காசு கட்டப் பிந்தியபோது, குழுக்கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் அவளை அவமானப்படுத்தியவர்கள் கம்பனிக்காரர் மட்டும்தானா? ஊரில் இல்லாதவரின் காணி வரம்பை ஒரு முழம் தள்ளிப் போட்டவர் யார்? இவை சிறிய கணக்குகள். ஆயினும் நூறு தெனாரியம் என்பது இவையே.

இதைவிடப் பாரமான கணக்கு ஒன்றும் உண்டு. 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவர்கள் தமிழரின் பெயரால் ஆயுதம் ஏந்தியவர்கள். வாவிக்கு மேற்கே வயல் வைத்திருந்த முஸ்லிம் விவசாயிகள் அதன்பின் பல ஆண்டுகள் தங்கள் வட்டையில் கால் வைக்க முடியவில்லை. வெட்டப்படாமல் நின்ற வேளாண்மையின் வேதனை எமக்கு மட்டும் உரியதல்ல. எங்கள் பக்கம் இறந்தவர்களுக்குக் கணக்குக் கேட்கும் நாம், அவர்கள் பக்கம் இறந்தவர்களின் கணக்கைக் கேட்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டால், அரசனிடம் இரக்கம் பெற்று வெளியே வந்த அந்தப் பணியாளனுக்கும் எமக்கும் என்ன வித்தியாசம்? அவர்களும் எம்மைப் பற்றி இதே கேள்வியைத் தங்களுக்குள் கேட்க வேண்டும். ஆனால் அவர்கள் முதலில் கேட்கட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இறைவன் எமக்காகக் காத்திருக்காமல் முதலில் இரங்கினார் என்பதே கிறிஸ்தவ விசுவாசம்.

செய்யக் கூடியவை

இச்சஞ்சிகையில் விதைநெல்லைப் பற்றியும் கிணற்றைப் பற்றியும் எழுதும்போது, கடைசியில் "செய்ய வேண்டியவை" என்று சிலவற்றைச் சொல்வது வழக்கம். இரக்கத்துக்கும் அப்படிச் சிலவற்றைச் சொல்லலாம்.

ஒன்று, ஒவ்வொரு குடும்பமும் தன் கணக்கை எழுதட்டும். தான் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், தனக்கு யார் கொடுக்க வேண்டும் என்ற இரண்டு பக்கமும் வேண்டும். எழுதாத கணக்கில்தான் வட்டி வளர்கிறது. மனக்கசப்பும் அங்கேயே வளர்கிறது.

இரண்டு, கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் தங்களுக்குள் ஓர் ஒழுங்கை வைத்துக்கொள்ளட்டும்: வெள்ளத்தாலோ யானையாலோ பயிர் அழிந்த போகத்தில் குத்தகை அறவிடுவதில்லை, சங்கக் கடனுக்கு அப்போகத்துக்கு வட்டியில்லை. லேவியர் நூலில் வயலின் ஓரத்தை ஏழைக்கு விட்ட சட்டத்தைப் போல, இதுவும் எழுதப்பட்ட விதியாக இருக்கட்டும். அப்போது எவரும் எவர் காலிலும் விழ வேண்டி வராது.

மூன்று, காணாமற் போனோரின் குடும்பத்தார் கணக்குக் கேட்டுக் கூடும் நாளில் பங்குத்தந்தையும் போதகரும் அவர்களோடு நிற்கட்டும். உபதேசம் வேண்டாம், உடன் நின்றால் போதும்.

நான்கு, அயலில் உள்ள முஸ்லிம் விவசாயிகளோடு நீர்ப்பங்கீடு பற்றியும் மாட்டுப் பட்டிகள் பற்றியும் பேசுவதற்கு எத்தனையோ உண்டு. அந்தப் பேச்சு தொடங்கட்டும். பழைய கணக்கைப் பேசும் தைரியம், புதிய கணக்கைச் சேர்ந்து பார்க்கும்போது வரும்.

ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பரில் எழுவான்கரையிலிருந்து ஆயித்தியமலை மாதா திருத்தலத்துக்கு மக்கள் நடந்து போகிறார்கள். ஒரு காலத்தில் மூட்டையுடன் ஓடிவந்த திசைக்கே, இன்று செபமாலையுடன் நடந்து போகிறவர்களும் அவர்களில் உண்டு. வழியில் தண்ணீர்ப்பந்தல் போட்டு நிற்பவர்கள், வருபவர் எந்த ஊர், எந்தச் சமயம் என்று கேட்பதில்லை. குடித்தவர் நன்றி சொல்லிவிட்டுக் குவளையைத் திருப்பிக் கொடுக்கிறார். அடுத்தவர் அதை வாங்குகிறார். பெற்றுக்கொண்ட இரக்கத்தைக் கையிலேயே வைத்திருக்காமல் பின்னால் வருபவருக்குக் கொடுக்க வேண்டும் என்று இயேசு சொன்னதும் இதையே.